சமரசத்துக்கு முன் ஜன்னலைப் பற்றிப் பேசினோம்

என் அம்மா சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். மாற்றிய சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட் மாத்திரைகளை நாள் தவறாமல் சாப்பிடுகிறார். அவை நோய் எதிர்ப்பாற்றலையும் சேர்த்தே குறைத்துவிடுகின்றன. அடுத்தவர் கஷாயம் குடித்துக் கடந்துவிடும் சளிக்காய்ச்சல் அம்மாவை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். இந்த நிலையில்தான் தக்கலைப் பக்கத்தில் உள்ள எங்கள் ரப்பர் விளை (தோட்டம்), பழைய வீடு பற்றிய பாகப்பிரிவினை வழக்கை உரிமையியல் நடைமுறைச் சட்டம் 89ஆம் பிரிவின்படி நீதிமன்றம் சமரசத்துக்கு, அதாவது சமரசர் என்ற நடுநிலையாளர் முன் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ள, அனுப்பியது. எதிர்த்தரப்பு என் சித்தப்பா. ஐப்பசி மழை பிடித்து, வீட்டுக்கு வீடு இருமல் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

காணொளியில் பேசலாமே என்று பலரும் சொன்னார்கள். 2023ஆம் ஆண்டுச் சமரசச் சட்டத்திலும் இணையவழிச் சமரசத்துக்கு இடமுண்டு. ஆனால் எங்கள் தகராறின் உயிர்நாடி விளைக்குள் போகும் நடைவழி. நில அளவை வரைபடத்தை மேசையில் விரித்து, விரலால் தொட்டுக் காட்டிப் பேசினால்தான் அது தீரும். அப்பா இறந்த பிறகு முகம் பார்த்துப் பேசாத கொழுந்தனை நேரில் பார்க்க வேண்டும் என்று அம்மாவும் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம் சரி என்றே எனக்கும் பட்டது.

அறை ஏற்பாடு பற்றி முன்கூட்டியே கேட்போம் என்றதும் எங்கள் வழக்கறிஞர் தயங்கினார். இழுத்தடிக்கிறோம் என்று எதிர்த்தரப்பு நினைக்கும் என்பது அவர் கவலை. சமரசத்தில் எல்லாமே இரு தரப்பின் சம்மதத்தால் நடப்பது. நிலத்தைப் பற்றிச் சம்மதம் தேடுகிறவர்கள் உட்காரும் அறையைப் பற்றியும் தேடலாம் என்று சொன்னேன். நோயின் விவரம் இல்லாமல், தொற்று எளிதில் பற்றும் உடல்நிலை என்று மட்டும் மருத்துவர் எழுதிய ஒரு கடிதத்தைச் சமரசரிடம் கொடுத்தோம். அவர் அன்றே இரு தரப்பு வழக்கறிஞர்களையும் தொலைபேசியில் அழைத்துப் பேசினார்.

முதலில் முடிவானது காய்ச்சலைப் பற்றிய ஏற்பாடு. யாருக்கு உடம்பு சூடானாலும், தொண்டை கட்டினாலும் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்காக அமர்வு தள்ளிப்போனால் அவர்மேல் குற்றம் சொல்லக் கூடாது. இதை எழுதியே வைத்துக்கொண்டோம். இது இல்லாவிட்டால், தாமதப்படுத்துகிறார் என்ற பெயருக்குப் பயந்து மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து உட்காருகிறவர்கள்தான் அதிகம். அதை முதலில் பயன்படுத்தியவர் சித்தப்பாதான். பேரனுக்குக் காய்ச்சல், தமக்கும் தொண்டை கரகரக்கிறது என்று சமரசருக்குத் தகவல் சொன்னார். வழக்கு தொடங்கியபின் அவர்மீது அம்மாவுக்கு நம்பிக்கை துளிர்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்தது காற்று. சளிக்காய்ச்சல், கொரோனா போன்றவை மூடிய அறையில் மூச்சுக்காற்றோடு மிதந்து பரவுகின்றன. சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுற்றவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அதனால் ஜன்னலைத் திறக்க வேண்டும். ஆனால் சமரசத்தில் பேசுவது வெளியே போகக் கூடாது. ஜன்னலுக்கு அப்பால் ஆள் நின்றால் ரகசியம் எங்கே நிற்கும்? நாங்கள் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டது இதில்தான். வராந்தாப் பக்கக் கதவைச் சாத்திவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத பின்புறத்து ஜன்னல்கள் இரண்டையும் திறந்தோம். ஒன்றில் பெடஸ்டல் ஃபேனை வெளிப்புறம் பார்த்து வைத்தோம். அது அறைக்காற்றை வெளியே தள்ள, மற்றொன்றின் வழியே புதுக்காற்று வந்தது. ஃபேனின் இரைச்சல் பேச்சை மறைத்தது கூடுதல் வசதி. அம்மாவுக்கு இடம் காற்று உள்ளே வரும் ஜன்னலருகில். பிற்பகலில் மழை கொட்டினால் ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கும் என்பதால் அமர்வுகளைக் காலையிலேயே வைத்துக்கொண்டோம்.

என் அத்தை மகன் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சிறு கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் இருக்கும். அறையில் எண் ஏற ஏற, அடுத்தவர் விட்ட மூச்சை நாம் அதிகம் இழுக்கிறோம் என்று பொருள். 800ஐத் தாண்டினால் எழுந்து வெளியே போவது என்று பேசிவைத்திருந்தோம். சூடான வாக்குவாதத்தின் நடுவே அந்த எண் சில முறை எல்லோரையும் எழுப்பியது. கோபம் தணியவும் அது உதவியது என்பது என் கணிப்பு.

முகக்கவசம் அவ்வளவு எளிதாக அமையவில்லை. அம்மா முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 அணிந்தார். பக்கவாட்டில் இடைவெளி விடும் சாதாரணக் கவசத்தைவிட அது எவ்வளவோ மேல். சித்தப்பாவுக்குக் காது மந்தம். உதட்டசைவைப் பார்த்தே பாதி பேச்சைப் புரிந்துகொள்கிறவர், எல்லோரும் வாயை மூடினால் என்ன செய்வார்? அவருடைய சிரமமும் அம்மாவுடையதைப் போலவே நியாயமானது. எனவே கூட்டு அமர்வைச் சுருக்கமாக வைத்து, வரைபடத்தோடு மட்டும் நிறுத்திக்கொண்டார் சமரசர். மற்றதெல்லாம் தனி அமர்வு. சித்தப்பாவோடு திறந்த முற்றத்தில், கவசத்தைக் கழற்றிவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து பேசினார். அந்த நேரத்தில் நாங்கள் அறைக்குள் இருந்தோம். எங்கள் முறை வந்தபோது அவர்கள் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். நெரிசலான வராந்தாவில் காத்திருக்க வேண்டிய அவசியமே வரவில்லை. டீயையும் வெளியே நின்றுதான் குடித்தோம். கவசம் இறங்குவது அப்போதுதானே.

சானிடைசரும் இருந்தது. பயன்படுத்தினோம். ஆனால் மேசையைத் துடைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தி உட்காருவதில் எனக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

நடைவழிக்கு எட்டடி விடுவதாகச் சித்தப்பா ஒப்புக்கொண்டார். பழைய வீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்தார் அம்மா. ஒப்பந்தத்தின் வரைவை முன்னதாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வீட்டிலேயே வாசித்துத் திருத்தியதால், கையெழுத்துக்காக அறையில் இருந்த நேரம் மிகக் குறைவு. ஒவ்வொருவரும் சொந்தப் பேனாவில், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டோம். “மதினி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கதவருகே நின்றே சொல்லிவிட்டுப் போனார் சித்தப்பா.