மவுஸ் சென்சிட்டிவிட்டி: 13 செ.மீ.யிலிருந்து 42 செ.மீ.க்கு

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற சுடும் விளையாட்டை 1600 டிபிஐ (மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் அனுப்பும் துடிப்புகளின் எண்ணிக்கை), சென்சிட்டிவிட்டி 2 (அந்த அசைவை விளையாட்டு பெருக்கிக்கொள்ளும் எண்) என்ற அமைப்பிலேயே நெடுநாள் ஆடிவந்தேன். எதிரியின் தலைக்குக் குறியை நகர்த்தினால் அது தலையைத் தாண்டி ஓடும். திருப்பி இழுத்தால் மறுபக்கம் தாண்டும். பயிற்சி போதவில்லை என்றே எண்ணியிருந்ததால், அமைப்பின் மீது சந்தேகம் எழவில்லை. ஒரு நாள் அடிக்கோலை மவுஸ் பேடின் ஓரத்தில் வைத்து, பார்வை முழுச்சுற்று திரும்ப மவுஸ் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்தேன். வெறும் 13 செ.மீ.!

கணக்கும் அதையே காட்டியது. சென்சிட்டிவிட்டி 1 என்றால், மவுஸ் அனுப்பும் ஒவ்வொரு துடிப்புக்கும் இந்த விளையாட்டில் பார்வை 0.022 பாகை திரும்பும். ஆகவே 360 பாகையை 0.022, சென்சிட்டிவிட்டி, டிபிஐ ஆகிய மூன்றாலும் வகுத்தால் கிடைப்பது, முழுச்சுற்றுக்குத் தேவையான தூரம், அங்குலத்தில்.

முதல் வாரம் 800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 1 என்று வைத்தேன். முழுச்சுற்று 52 செ.மீ. ஆனது. தொலைவிலிருப்பவரைச் சுடுவது உடனே எளிதாயிற்று. ஆனால் முதுகுப்பக்கம் காலடி கேட்டால் திரும்புவதற்குள் செத்துப்போனேன். என் மவுஸ் பேடின் அகலம் 45 செ.மீ.; நடுவிலிருந்து ஒரு பக்கம் 22 செ.மீ. சொச்சம்தான் இருக்க, அரைச்சுற்றுக்கோ 26 செ.மீ. வேண்டியிருந்தது. பாதியில் மவுஸைத் தூக்கி வைக்காமல் வேறு வழியில்லை. பிறர் எந்த எண்ணில் ஆடுகிறார்கள் என்று தேடியதைவிட இந்த ஒரு அளவே எனக்கு உதவியது.

சென்சிட்டிவிட்டியை 1.25 ஆக்கியதும் முழுச்சுற்று சுமார் 42 செ.மீ.க்கு வந்தது, அரைச்சுற்று பேடுக்குள் அடங்கிவிட்டது. வாலரண்ட் என்ற மற்றொரு சுடும் விளையாட்டில் சென்சிட்டிவிட்டி 1 என்றால் ஒரு துடிப்புக்கு 0.07 பாகை என்பதால், அதே தூரத்துக்கு அங்கே சென்சிட்டிவிட்டியை 0.393 என்று வைத்துக்கொண்டேன்.

வேறொரு பழைய விளையாட்டில் மட்டும் கணக்கு ஒத்துவரவில்லை. மவுஸை மெதுவாக வலப்புறம் நகர்த்தி, அதே தூரத்தை வேகமாக இழுத்துத் திரும்பியபோது குறி புறப்பட்ட இடத்துக்கு வராமல் வெகுவாக விலகி நின்றது. விண்டோஸின் மவுஸ் அமைப்புகளில் சுட்டியின் துல்லியத்தை மேம்படுத்துவதாகச் சொல்லும் தெரிவு, பெயருக்கு மாறாக, கை வேகத்துக்கேற்ப தூரத்தை மாற்றிக்கொண்டிருந்தது. அதை நீக்கியதும் குறி சரியாகத் திரும்பியது.

இரண்டு வாரமாக எண்ணை மாற்றவில்லை. குறி தலையைத் தாண்டுவது குறைந்திருக்கிறது. மணிக்கட்டுக்குப் பதில் முழங்கையை அசைப்பதால் தோள் வலிக்கிறது. தொலைநோக்கித் துப்பாக்கிக்கான தனிச் சென்சிட்டிவிட்டியை இன்னும் தொடவில்லை.