டெபியன் பொதியில் கமிட்டுகளைச் சீர்செய்த அனுபவம்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு குழு பராமரிக்கும் சிறிய நிரல் நூலகத்தின் பொதியைப் (நிறுவுவதற்கான தொகுப்பை) புதிய பதிப்புக்கு ஏற்றும் வேலையை எடுத்துக்கொண்டேன். பில்ட், அதாவது நிரலிலிருந்து பொதியை உருவாக்குவது, சிக்கலில்லாமல் முடிந்தது. டெபியனின் கிட்லேப் தளமான சால்சாவில் மெர்ஜ் ரிக்வெஸ்ட் (மாற்றங்களைச் சேர்க்கும்படி வேண்டுகோள்) அனுப்பியதும் குழுவின் மூத்தவர் ஒன்றுதான் கேட்டார்: "கமிட்டுகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தித் தாங்களேன்."

கமிட் என்பது, நிரலின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில் பதிவாகும் ஒரு மாற்றம். வழக்கமான கிட் திட்டத்தில் அவற்றை ஒழுங்குபடுத்துவது எளிய வேலை. பொதியாக்கத்தில் அப்படியில்லை. மூல ஆசிரியர்களின் நிரலுக்கு ஒரு கிளை (தனி மாற்ற வரிசை), அவர்கள் வெளியிடும் டார் கோப்பை அப்படியே மீட்டெடுக்க 'பிரிஸ்டைன்-டார்' கிளை, பொதிக்கான கிளை என மூன்று இருக்கும். புதிய பதிப்பைக் கொண்டுவர 'ஜிபிபி இம்போர்ட்-ஒரிஜ்' (ஜிபிபி என்பது கிட் வழியாகப் பொதியாக்கும் கருவி) கொடுத்தால் மூன்றும் நகரும். பொதிக் கிளையில், மூலக் கிளையை அதோடு இணைக்கும் ஒரு மெர்ஜ் கமிட் விழும். வெறும் ரீபேஸ் (கமிட்டுகளை மாற்றி எழுதி அடுக்குவது) அந்த மெர்ஜைத் தட்டையாக்கிவிடும். பிறகு எந்த மூலப் பதிப்பின் மேல் இந்தப் பொதி நிற்கிறது என்பதை வரலாற்றில் பார்க்க முடியாது. அதனால் அந்த மெர்ஜுக்குப் பின்னால் வந்த என் கமிட்டுகளை மட்டும் 'ஆட்டோஸ்குவாஷ்' (திருத்தக் கமிட்டை உரிய கமிட்டோடு தானாக இணைக்கும் தேர்வு) வைத்துச் சேர்த்தேன். சார்புகளில் (பொதிக்குத் தேவையான பிற பொதிகளில்) செய்த மாற்றம் ஒரு கமிட், பேட்ச் (மூல நிரல் மீது நாங்கள் வைக்கும் திருத்தம்) புதுப்பிப்பு இன்னொன்று என்று பிரித்தேன்.

கமிட்டுகளின் தலைப்பு வரிகளுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். 'ஜிபிபி டிசிஎச்' அவற்றிலிருந்துதான் சேஞ்ச்லாகை (பொதியின் மாற்றப் பட்டியலை) தொகுக்கிறது. பொதியை நிறுவுகிறவர் படிப்பது அதைத்தான். "சின்ன திருத்தம்" என்று எழுதினால் அவருக்கு என்ன புரியும்? சேஞ்ச்லாகை ஒவ்வொரு கமிட்டிலும் தொடாமல் வெளியீட்டின்போது ஒரேயடியாக எழுதுவதே நல்லது. இல்லாவிட்டால் இருவர் சேர்ந்து வேலை செய்யும்போது கோப்பின் முதல் வரிகளிலேயே மோதல் வரும். வந்துவிட்டாலும் சேஞ்ச்லாகுகளை இணைக்கும் 'டிபிகேஜி-மெர்ஜ்சேஞ்ச்லாக்ஸ்' கைகொடுக்கும்.

பேட்ச்களைப் புதிய பதிப்பின் மேல் ஏற்ற 'ஜிபிபி பிகியூ ரீபேஸ்' பயன்படுத்தினேன். மூலத்தில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட ஒரு பேட்ச் தானாக உதிர்ந்தது. பேட்ச்களைக் கமிட்டுகளாக வைத்திருக்கும் பேட்ச்-கியூ கிளை தற்காலிகமானது, எத்தனை முறையும் மாற்றி எழுதலாம், பகிரத்தான் கூடாது.

என் ஃபோர்க்கில் (என் சொந்தப் பிரதியில்) 'ஃபோர்ஸ்-வித்-லீஸ்' (இடையில் வேறு யாரும் மாற்றாதபோது மட்டும் மேலெழுதும் தேர்வு) கொடுத்துத் தள்ளிவிட்டு, பழைய வரிசைக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை 'ரேஞ்ச்-டிஃப்' எடுத்து ரிவ்யூவில் ஒட்டினேன். இதைச் செய்தால் பார்ப்பவர் எல்லாவற்றையும் மறுபடி படிக்க வேண்டியதில்லை. மெர்ஜின்போது எல்லாக் கமிட்டுகளையும் ஒன்றாக்கும் ஸ்குவாஷ் தேர்வைப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். போட்டால் மூலத்தின் மெர்ஜும் சேர்ந்து நசுங்கிவிடும். மெர்ஜ் ரிக்வெஸ்ட் ஒரு கிளையைத்தான் சுமக்கும் என்பதால், மற்ற இரண்டு கிளைகளையும் மூலப் பதிப்பைக் குறிக்கும் டேகையும் மூத்தவரே என் ஃபோர்க்கிலிருந்து எடுத்துத் தள்ளினார். அதன் பிறகு மெர்ஜ் ஆனது.