லேப் பேனா வீட்டுக்கு வரக் கூடாது

நுண்ணுயிரியல் செய்முறை வகுப்பில் கல்ச்சர் (வளர்த்த கிருமி) உள்ள குழாய் உடைந்தால் எல்லாரும் பதறிப்போவார்கள். அது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். வகுப்பு முழுக்க மேசையில் கிடந்த பேனாவை யாரும் கவனிப்பதில்லை. 2010-11இல் அமெரிக்காவில் 109 பேருக்குப் பரவிய சால்மோனெல்லா டைஃபிமூரியம் என்ற குடல் பாக்டீரியாத் தொற்றுக்கும், மருத்துவ லேப்கள், மாணவர் லேப்களுக்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது. லேப் வாசலையே மிதிக்காத, அங்கே வேலை செய்பவர்களின் வீட்டுக் குழந்தைகளும் அதில் நோயுற்றார்கள்.

அதனால் பை, செல்போன், தண்ணீர் பாட்டில் மூன்றும் வெளியே. பேனாவும் மார்க்கரும் லேபுக்கே சொந்தம். அளவுகளை லேபில் தங்கும் தாளில் குறித்துவிட்டு, கை கழுவிய பிறகு சுத்தமான மேசையில் வைத்து நோட்டில் ஏற்றிக்கொள்ளலாம். இரட்டை வேலைதான், ஆனாலும் இதில் சலுகை கிடையாது.

அடுத்தது லூப், அதாவது கிருமியை எடுக்க உதவும் வளைய நுனிக் கம்பி. கல்ச்சர் ஒட்டிய ஈர லூப்பை நேராகச் சூடான நீலச் சுடரில் நுழைத்தால் சடசடவென்று தெறிக்கும். தெறிக்கும் துளியில் உயிருள்ள பாக்டீரியா இருக்கும், அதைத்தான் நாம் மூச்சில் இழுப்போம். எனவே கைப்பிடியை ஒட்டிய கம்பிப் பகுதியை முதலில் சுடரில் காட்டுங்கள். சூடு கம்பி வழியே நுனிக்குப் போய் ஈரத்தை உலர்த்தும். அதன்பின் மெல்ல நகர்த்தி, கம்பி முழுவதும் செந்நிறமாகும்வரை பிடியுங்கள். பிறகு 10 முதல் 15 விநாடி சும்மா நில்லுங்கள். ஆட்டி ஆற்றுவது, ஊதுவது இரண்டும் வேண்டாம். காலனி (கிருமித் திட்டு) இல்லாத அகார் (கிருமி வளரும் கூழ்) ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். 'சுர்' என்று கேட்டால் இன்னும் ஆறவில்லை.

தீ விபத்துக்குக் காரணம் பெரும்பாலும் எத்தனால் பீக்கர். கிருமியை அகார் மேல் பரப்பும் வளைந்த கோலான ஸ்ப்ரெடரை அதில் முக்கி, நன்றாக வடியவிட்டு, சுடரில் ஒரு தொடு தொட்டு எடுத்தால் போதும். ஒட்டியிருக்கும் ஆல்கஹால் தானாக எரிந்து தீரும். வளைந்த முனை கீழ்நோக்கியே இருக்கட்டும், இல்லையென்றால் எரியும் துளி கைக்கு வழிந்துவரும். எரிந்துகொண்டிருக்கும் ஸ்ப்ரெடரைத் திரும்ப பீக்கரில் விடுவதுதான் வழக்கமான தவறு. பீக்கர் பற்றிக்கொண்டால் ஊதாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். பக்கத்திலேயே வைத்திருக்கும் கண்ணாடித் தட்டால் மூடினால் அணைந்துவிடும். சானிடைசர் தடவிய கை உலருமுன் பர்னரைப் பற்றவைக்கக் கூடாது என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

கதவுப்பிடி, தோல் என்று சுற்றுப்புறத்திலிருந்து எடுத்த மாதிரி வளர்ந்த பெட்ரி தட்டைத் திறக்கவே வேண்டாம். அதில் என்ன வளர்ந்திருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. 37 டிகிரியைத் தவிர்த்து, 25 முதல் 30 டிகிரியில் வளர்ப்பது நல்லது. மனித உடல் சூட்டுக்குப் பழகியவை அங்கே அவ்வளவாகத் தழைக்காது. மூடியை இரண்டு மூன்று இடத்தில் டேப் ஒட்டி நிறுத்துங்கள். சுற்றிலும் இறுக்கி ஒட்டினால் காற்றில்லாச் சூழலை விரும்பும் கிருமிகளுக்கு வழிவிட்டதாகும்.

கல்ச்சர் சிந்தினால் முதலில் பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள். சிந்திய இடத்தைக் காகிதத் துண்டால் மூடி, 1 பங்கு வீட்டு பிளீச், 9 பங்கு தண்ணீர் கலந்த கரைசலை ஓரத்திலிருந்து நடுநோக்கி ஊற்றி, 20 நிமிடம் விடவேண்டும். கரைசல் அன்றைக்குக் கலந்ததாக இருக்கட்டும், நாள்பட்டால் வீரியம் குறையும். கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் மட்டுமே எடுக்க வேண்டும். பிளீச்சில் நனைந்ததை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் கலம்) போட்டால் நச்சு வாயு கிளம்பும்.

மற்ற கழிவு ஆட்டோகிளேவுக்கே. 121 டிகிரி, 15 பிஎஸ்ஐ அழுத்தம், 15 நிமிடம் என்ற கணக்கு கொஞ்ச அளவு வளர்ப்பு ஊடகத்துக்குச் சரி, கழிவுப் பைக்குப் போதாது. பைக்குள் சிக்கிய காற்று நீராவியை நுழையவிடாது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல், வாயைத் தளர்த்தி, 30 நிமிடமாவது வையுங்கள். பைமேல் ஒட்டும் ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கறுத்தால் வெளியே சூடு பட்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். அழுத்தம் பூஜ்யமாகுமுன் கதவைத் தொட்டால், அகார் பாட்டில் குபீரென்று பொங்கும்.

கிளம்பும்போது மேசையைத் துடைத்து, கோட்டைக் கழற்றிவிட்டு, கடைசியாக 20 விநாடி சோப்பால் கை கழுவுங்கள். குழாயைக் காகிதத் துண்டால் பிடித்து மூடுங்கள். திறந்தது அழுக்குக் கைதானே.