வாயைக் கட்டிக்கொண்டு நடந்த ஞாயிறுகள்

2025 ஜூன் 1, ஞாயிறு

பதினோரு பேர், ஒன்றரை மணி நேரம், காட்டுப் பாதை. பேசக்கூடாது, போனை அணைத்துவிட வேண்டும், முன்னால் போகிறவர் கையைத் தூக்கினால் நின்றுவிட வேண்டும். அவ்வளவுதான் விதி. என் வாய் சும்மா இருக்காது என்பது என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். முதல் பத்து நிமிடம் மனசுக்குள் பேசித் தீர்த்தேன். கரண்ட் பில் கட்டினேனா, முன்னால் போகிறவரின் ஷூ புதுசா, இப்படி.

அதற்கப்புறம் காதில் விழுந்தது பறவை இல்லை, என் தண்ணீர் பாட்டில். பாதிதான் நிரப்பியிருந்தேன். எட்டு வைக்க வைக்க ‘களக், களக்’ என்றது. பையை நெஞ்சோடு அணைத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. கடைசியில் தாகமே இல்லாமல் மொத்தத்தையும் குடித்துத் தொலைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

பாட்டிலை வாய்வரை நிரப்பியாயிற்று. சத்தமில்லை.

இன்று சில்வண்டுகள். நாங்கள் நெருங்கும் மரத்தில் மட்டும் ரீங்காரம் சட்டென்று அறுந்துவிடுகிறது. தாண்டிப் போனதும் முதுகுக்குப் பின்னால் மறுபடி ஆரம்பிக்கிறது. நாங்கள்தான் பெரிய மௌன விரதக்காரர்கள் என்று நினைப்பு. அவற்றின் வாயையும் அல்லவா மூடிக்கொண்டு போகிறோம்! வாய் என்பதும் தப்பு. ஆண் வண்டு வயிற்றோரச் சவ்வை அதிரவைத்து எழுப்பும் சத்தம் அது. கை உயர்ந்தது, நின்றோம். ரொம்ப நேரம். ஒன்று மட்டும் ‘ர்ர்’ என்று தொடங்கி நிறுத்தியது. மறுபடி தொடங்கியது. பிறகு மரம் முழுக்க.

ஜூன் 9, திங்கள்

அமெரிக்கர் ஜான் பிரான்சிஸ் பற்றிப் படித்தேன். 1971-ல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் எண்ணெய் கொட்டியதைப் பார்த்து மோட்டார் வண்டி ஏறுவதை விட்டவர். அதைப் பற்றி எல்லோரோடும் வாதாடி அலுத்து, 1973-ல் பிறந்தநாளன்று ஒரு நாள் பேசாமல் இருந்து பார்த்தார். அந்த ஒரு நாள் 17 வருஷம் நீண்டது. பேசாமலேயே பட்டமும் வாங்கினார். எனக்கு ஒன்றரை மணி நேரத்துக்கே நாக்கு அரிக்கிறது.

ஜூன் 15

போகவில்லை. தூங்கிவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று வரிசையில் கடைசி ஆள் நான். யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. பாதிப் பேரின் பெயர் இன்னும் தெரியாது, முதுகு தெரியும். நீலத் தொப்பிக்காரருக்கு இறக்கத்தில் இடது முழங்கால் மடங்காது. அங்கே வந்ததும் முன்னால் போகிறவர்கள் தாமாகவே நடையைக் குறைக்கிறார்கள். யாரும் சொல்லி வைத்ததில்லை.

ஒரு வளைவில் பாதைக்குக் குறுக்கே ஈர வேர். முதல் ஆள் திரும்பாமலே விரலைக் கீழே நீட்டிக் காட்டினார். அடுத்தவரும் காட்டினார். அப்படியே ஒவ்வொருவராக, தொப்பிக்காரர்வரை வந்தது. அவர் எனக்குக் காட்டினார். நான் தாண்டினேன், விரலை நீட்டினேன். பின்னால் யாருமே இல்லை.