பூவை விடுங்கோ, காயைப் பாருங்கோ

எங்கட மட்டக்களப்புப் பக்கம் வயல் வரம்பில கையாந்தகரை இல்லாத இடமே இல்லை. எல்லாரும் இலையைத்தான் தேடிப் பிடுங்குறாங்க. காய்ந்த பூத்தலையை ஒருக்கா உள்ளங்கையில உதிர்த்து, லென்சால பாருங்கோ. ஓரத்துக் காய்களுக்கு மூன்று பட்டை, நடுவில இருக்கிறது தட்டை. மேலெல்லாம் சின்னச் சின்னக் கொப்புளம். உச்சியில பறக்கிறதுக்கு மயிர்க்குஞ்சம் கிடையாது.

பக்கத்திலேயே நிற்கிற வெட்டுக்காயப் பூண்டுக்கு அதே இடத்தில இறகு மாதிரிக் குஞ்சம். ரெண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான். நாம விதை என்று சொல்லுறது உண்மையில முழுக்காய், உள்ளே ஒரே ஒரு விதை. அந்தக் குஞ்சம் புல்லிவட்டம், அதாவது பூவின்ர வெளி வட்டம், உருமாறினது.

இந்தக் குடும்பத்தில 20,000க்கு மேல இனங்கள். பூவை மட்டும் வைத்துப் பிரிக்கப் போனால் தலை சுத்தும். அதனால காயைக் குறுக்கே மெல்லிசாச் சீவி, சாயம் ஏற்றி, நுணுக்குக்காட்டியில பார்க்கிறாங்க: எத்தனை விலா (நீளவாக்கு மேடு), நார்க்கட்டு எங்கே, அடியில காம்புத் தழும்பு எப்படி. தோலில சோடியாய் ஒட்டின இரட்டை மயிரும் ஒரு அடையாளம்.

எனக்குப் பிடிச்சது கறுப்புப் படை. இந்தக் குடும்பத்துக்குள்ள சூரியகாந்திக் கூட்டம் என்ற பிரிவில பலவற்றின் காய்ச்சுவருக்குள்ள கரி மாதிரி ஒரு படை இருக்கு, அமிலத்துக்கும் லேசில மசியாது. சூரியகாந்தியில விதை தின்னுற புழுவுக்கு அது தடை.

மரபணுச் சோதனை வந்த பிறகு இனம் பிரிக்கக் காய் எதுக்கு என்று கேட்கலாம். குஞ்சம் பல கிளைகளில தனித்தனியாத் தோன்றியும் மறைந்தும் இருக்கு, அதை மட்டும் நம்பேலாதுதான். ஆனால் வரம்பில நிற்கிறவனிட்ட லென்ஸ்தானே இருக்கு.