மதுரையில் ரோபோ ஆபரேஷன்: என்னை அலைய வைத்த ‘3/12’

ஆபரேஷன் முடிந்து இன்றோடு பத்தொன்பது நாள். கொஞ்ச நேரம் உட்கார முடிகிறது, அதனால் எழுதுகிறேன். கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷனை ரோபோ வைத்துச் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கும் பெண்களுக்கு நான் பட்ட அலைச்சலில் பாதியாவது குறையட்டும்.

நான் காரைக்குடி, வயது 46. ஏற்கெனவே இரண்டு சிசேரியன். மூன்று மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை. மதுரையில் ஒரு நடுத்தர மருத்துவமனையில் காட்டினோம். பழைய தையல் பக்கம் மூத்திரப்பை ஒட்டியிருக்க வாய்ப்புண்டு, ரோபோ இருந்தால் பிரித்தெடுப்பது எளிது என்றார் டாக்டர். “எல்லாருக்கும் இது வேணும்னு இல்லை, சாதாரண கேஸுக்கு, துளை போட்டு கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியே போதும்” என்றும் சேர்த்துச் சொன்னார். அப்படி ஒளிக்காமல் சொன்னதால்தான் சம்மதித்தேன்.

முதல் தேதி வீணாய்ப் போனது. பையெல்லாம் கட்டிக்கொண்டு போய் இறங்கினால் ஹீமோகுளோபின் 7.8. மயக்க மருந்து டாக்டர் முடியவே முடியாது என்றுவிட்டார். இரும்புச்சத்து டிரிப் ஏற்றி, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அவர் செய்தது சரிதான். ஆனால் தேதி கொடுத்த அன்றே ஒரு ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கலாமே! போக்கு அதிகம் இருப்பவர்கள் தேதி வாங்கும்போதே கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். அட்மிஷனுக்கு ஆறு நாள் முன்பு கேஷ்லெஸுக்கு, அதாவது இன்சூரன்ஸே மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டுவதற்கு, படிவம் அனுப்பினார்கள். மறுநாளே கேள்வி வந்தது: நோய் மூன்று வருடமாக இருக்கிறதே, பாலிசி எடுத்து இரண்டரை வருடம்தானே ஆகிறது? அதாவது, நோயை மறைத்து பாலிசி எடுத்தேன் என்று சந்தேகம். எனக்குக் கை கால் ஓடவில்லை. இன்சூரன்ஸ் மேசையில் இருந்தவர், “டாக்டர் எழுதினதைத்தான் போட்டோம் மேடம், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்று திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் நானும் வீட்டுக்காரரும் போன் போட்டபடியே இருந்தோம். அப்புறம் நேரில் போய், அவர்கள் அனுப்பிய படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கினோம். அதில் ‘3 வருடம்’ என்று இருந்தது. என்னிடம் இருந்த ஓபி சீட்டில் டாக்டர் எழுதியிருந்ததோ ‘3/12’.

வார்டு சிஸ்டர் ஒருவர்தான் சீட்டைப் பார்த்ததும் சொன்னார்: “அக்கா, இது மூணு மாசம். மாசத்துக்குக் கீழே 12 போடுவாங்க, வாரத்துக்கு 52, நாளுக்கு 7.” மேசையில் இருந்தவர் அதை வருடமாக்கிவிட்டார். டாக்டர் உடனே லெட்டர்ஹெட்டில் மூன்று மாதம் என்று எழுத்தால் எழுதி, கையெழுத்து, முத்திரை, பதிவு எண்ணோடு கொடுத்தார். அன்று மாலையே அனுமதி வந்துவிட்டது. தவறு செய்தவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. இப்போது நினைத்தாலும் மனசு ஆறவில்லை.

தயவுசெய்து படிவம் போகும் முன்பு ஒரு நகல் வாங்கிப் படியுங்கள். ‘எத்தனை நாளாக’ என்ற வரியை முதலில் பாருங்கள்.

பணத்திலும் ஒரு அடி. என்னுடையது ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி, காப்பீட்டுத் தொகை 3 லட்சம். ரோபோ ஆபரேஷன் அதில் உண்டு, ஆனால் காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம் வரைதான். அதிலும் 5 சதவீதம் நாம் கட்ட வேண்டும். பில் 2,35,000. எனக்கு வந்தது 1,42,500. மீதி 92,500 கையிலிருந்து போனது. லேப்ராஸ்கோப்பிக்கு இந்தப் பாதி வரம்பு கிடையாது என்பதை எஸ்டிமேட் கொடுத்தபோது யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தாலும் ரோபோவைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன், ஆனால் வட்டிக்கு ஓடியிருக்க மாட்டேன். உங்கள் பாலிசியில் ‘நவீன சிகிச்சை முறைகள்’ என்ற பகுதியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. ரோபோ தானாக எதுவும் செய்வதில்லை. டாக்டர் அதே அறையில் கன்சோல் என்ற கட்டுப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கையையும் காலையும் அசைக்க, அதன்படி கருவிகள் அசையும். வயிற்றில் நான்கு சின்னத் துளைகள்தான். தலையைத் தாழ்த்திச் சாய்த்துப் படுக்க வைப்பதால் விழித்தபோது முகம் வீங்கியிருந்தது, பயப்பட வேண்டாம். வயிற்றில் அடைத்த வாயுவால் இரண்டு நாள் தோள்பட்டை வலித்தது, மெல்ல நடந்ததும் குறைந்தது. வெளியே காயம் சின்னது என்று குடமோ சிலிண்டரோ தூக்கிவிடாதீர்கள். கர்ப்பப்பை எடுத்த இடத்தில் உள்தையல் ஆற ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று மதியம் பில் அனுப்பிவிட்டு, “நாளைக்குத்தான் அனுமதி வரும்” என்றார்கள். மூன்று மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் பதில் தர வேண்டும் என்பது 2024-இல், இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ போட்ட விதி. வீட்டுக்காரர் அதைச் சொல்லிக் கேட்டார். நாலரை மணிக்கு வந்தது.

நேற்று பயாப்சி ரிப்போர்ட் வாங்கினோம். சாதாரணக் கட்டிதான். கவுண்டரை விட்டு நகரும் முன் பெயர், வயது, தேதி எல்லாவற்றையும் ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.