பெயினும் ஆடம்ஸும்: சமத்துவம் பற்றிய கேள்விக்கு நான் படித்த வழி

எம்.ஏ. வரலாற்றில் அமெரிக்கப் புரட்சி படிப்பவர்கள் முத்திரைச் சட்டம், பாஸ்டன் தேநீர் விருந்து எல்லாம் சரளமாக எழுதுவார்கள். சமத்துவம், அரசாங்கம் பற்றிப் புரட்சிச் சிந்தனையாளர்கள் எங்கே முரண்பட்டார்கள் என்று கேட்டால்தான் திணறல். இதற்கு ஜெஃபர்சன், மேடிசன், ஹாமில்டன் என்று எல்லோரையும் இழுத்துப் போட வேண்டாம். ஆளுக்கு இரண்டு வரிதான் தேறும். நான் புரட்சி எழுத்தாளர் தாமஸ் பெயின், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் ஆடம்ஸ் இருவரை மட்டும் எதிரெதிரே வைத்துப் படித்தேன்.

1776-இல் இருவருமே விடுதலைப் பக்கம்தான். பிரிட்டிஷ் மன்னர் போன பிறகு யார் ஆள்வது, எப்படி ஆள்வது என்பதில்தான் சண்டை. ஜனவரியில் வந்த 'காமன் சென்ஸ்' நூலில், அரசாங்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது தவிர்க்க முடியாத ஒரு தீமைதான் என்கிறார் பெயின். அதனால் அமைப்பு எளிமையாக இருக்கட்டும், மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரே சபை போதும் என்பது அவர் வாதம். ஆடம்ஸுக்கு இது ஆகவே ஆகாது. தனிமனிதனுக்கு வரும் கோபமும் பாரபட்சமும் ஒற்றைச் சபைக்கும் வரும் என்று அதே ஆண்டு ஏப்ரலில் பதில் எழுதினார். இரண்டு அவைகள், தனியாக ஓர் ஆளுநர், சுதந்திரமான நீதித்துறை என்பது அவர் திட்டம்.

இதோடு நிறுத்தினால் பதில் பாதிதான். நடைமுறையையும் காட்டுங்கள். 1776-இன் பென்சில்வேனியா அரசியலமைப்பு பெயின் பக்கம் சாய்ந்தது: ஒரே சபை, ஆளுநர் கிடையாது, சொத்து இல்லாவிட்டாலும் வரி கட்டும் ஆண்களுக்கு வாக்கு. ஆடம்ஸ் வரைந்த 1780-இன் மாசசூசெட்ஸ் அரசியலமைப்பில் இரண்டு அவைகள், சட்டங்களைத் தடுக்க ஆளுநருக்கு மறுப்புரிமை (வீட்டோ), வாக்களிக்கச் சொத்துத் தகுதி.

அந்தச் சொத்துத் தகுதிக்கு ஆடம்ஸ் சொன்ன காரணத்தை அவசியம் படியுங்கள். 1776 மே மாதம் மாசசூசெட்ஸ் அரசியல்வாதி ஜேம்ஸ் சலிவனுக்கு எழுதிய கடிதத்தில், தகுதியைத் தளர்த்தினால் அதற்கு முடிவே இருக்காது என்கிறார். பெண்கள் வாக்குக் கேட்பார்கள், 12 முதல் 21 வயதுப் பையன்கள் உரிமை பேசுவார்கள், கையில் காசில்லாதவனும் சமக் குரல் கேட்பான் என்று அடுக்குகிறார். எனக்கு அதில் தெரிவது ஏழைகள் மீதான வெறுப்பு இல்லை, பிறரை நம்பிப் பிழைப்பவனுக்குச் சொந்தக் கருத்து இருக்காது என்ற கவலை. அதை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அதன் தர்க்கத்தை நேர்மையாக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும்.

அப்புறம், ஆடம்ஸைப் பழமைவாதி என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். அவர் அடிமைகளை வைத்துக்கொண்டதே இல்லை. அந்த மாசசூசெட்ஸ் அரசியலமைப்பின் முதல் பிரிவு, மனிதர் எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்கிறது. அடிமையாக வைக்கப்பட்டிருந்த குவோக் வாக்கரின் விடுதலை பற்றிய வழக்கில் 1783-இல் மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி இதைக் காட்டித்தான் அடிமைமுறைக்கு அங்கே இடமில்லை என்றார். பெயினோ 1797-இல் இன்னும் முன்னே போய், 21 வயதாகும் ஒவ்வொருவருக்கும் 15 பவுண்டு, 50 வயதானவர்களுக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு தர வேண்டும் என்று எழுதினார். இந்த இரண்டு செய்திகளும் உங்கள் விடையைத் தனியாகக் காட்டும்.

சலிவன் கடிதம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீளமும் அதிகமில்லை, குறிப்பேடுகளுக்குப் போகுமுன் அதைப் படித்துவிடுங்கள்.